புகை, வெப்பம், வீடு: காலநிலை மாற்றத்துக்கு எதிரான பொதுச் சுகாதாரத்தில் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் அறிவு

ஆஸ்திரேலியாவில் காலநிலை மாற்றம் ஓர் உடல்நலப் பிரச்சினையாகி வெகுகாலம் ஆகிவிட்டது. 2019-20 கோடையில் கிழக்குக் கரையை எரித்த காட்டுத்தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். அந்தத் தீயின் புகையால் இறந்தவர்கள் சுமார் 417 பேர் என்று மருத்துவ ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இதயம், நுரையீரல் கோளாறுகளுக்காக மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்ததற்கும் அந்தப் புகையே காரணம் என்றது அதே கணக்கு. தீயைவிடப் புகை பல மடங்கு கொன்றிருக்கிறது.

2023 டிசம்பரில் ஆஸ்திரேலிய அரசு வெளியிட்ட தேசியச் சுகாதார-காலநிலைத் திட்டம், இந்த வேலையில் பழங்குடியினரின் தலைமையும் அறிவும் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்த வரி நடைமுறையில் எதைக் குறிக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. பழங்குடி அறிவு என்றதும் மூலிகையும் பழங்கதையும் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே பேசப்படும் அறிவு வேறு வகை. எந்தப் புல்லுக்கு எந்த வாரம் தீ வைக்கலாம், 42 டிகிரி வெயிலில் ஒரே வீட்டில் யார் யாரோடு ஓர் அறையில் இருக்க முடியாது, எந்தக் குழாய் பழுதானால் குழந்தைக்கு எந்த நோய் வரும் என்பது போன்ற, கையில் எடுத்துச் செய்யக்கூடிய அறிவு அது.

யாருடைய அறிவு?

2021 மக்கள்தொகை மதிப்பீட்டின்படி ஆஸ்திரேலியாவின் முதற்குடியினர் சுமார் 9.8 லட்சம் பேர். நாட்டு மக்கள்தொகையில் 3.8 விழுக்காடு. இவர்களில் இரண்டு பெரும் பிரிவினர் உண்டு. கண்டத்தையும் டாஸ்மேனியாவையும் சேர்ந்த பழங்குடியினர் ஒரு பிரிவு. வடக்கே நியூ கினிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலுள்ள தீவுகளைச் சேர்ந்த டோரஸ் நீரிணைத் தீவினர் மற்றொரு பிரிவு. இரு பிரிவினரையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. ஐரோப்பியர் வந்தபோது கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. ஒரு மொழிக் குழுவின் அறிவு பக்கத்துக் குழுவின் நிலத்துக்கே பொருந்தாமல் போகலாம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இவர்கள் எல்லோரும் பாலைவனத்தில் வாழ்கிறார்கள் என்ற படம் தவறு. ஏழில் ஒருவர் அளவுக்குத்தான் தொலைதூரப் பகுதிகளில் வாழ்கிறார்கள். மற்றவர்கள் நகரங்களிலும் சிறு ஊர்களிலும் இருக்கிறார்கள். கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வடக்குப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. அங்கே மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பழங்குடியினர். வெப்பமும் புகையும் அங்கே கடுமை. அறிவும் சுகாதாரமும் சந்திக்கும் இடம் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

இந்த அறிவுக்கு மூன்று குணங்கள் உண்டு. அது ஒரு குறிப்பிட்ட நிலத்துக்கு உரியது. அதற்கு உரிமையாளர்கள் உண்டு: அந்த நிலத்தைப் பற்றிப் பேச உரிமையுள்ளவர் யார், தீ வைக்க உரிமையுள்ளவர் யார் என்பதை உறவுமுறை தீர்மானிக்கிறது, ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்று சில பகுதிகள் பிரிந்திருக்கும். மூன்றாவதாக, அது செய்கையோடு பிணைந்தது. செய்யாமல் விட்டால் ஒரு தலைமுறையில் தேய்ந்துவிடும். இந்த மூன்றையும் மறந்துவிட்டு 'தகவல்' மட்டும் எடுத்துக்கொண்ட திட்டங்கள்தான் பெரும்பாலும் தோற்கின்றன.

தீ வைத்துப் புகையைக் குறைப்பது

ஆர்னம் லேண்ட், வடக்குப் பிரதேசத்தின் தலைநகரான டார்வினுக்குக் கிழக்கே உள்ள பெரும் நிலப்பகுதி. அதன் மேற்குப் பகுதி பாறைப் பீடபூமி. அங்குள்ள பினிஞ் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். நம் பெரும்பொழுதுகளும் ஆறுதான். பருவம் மாறுவதைத் தேதியை வைத்து அவர்கள் முடிவு செய்வதில்லை, அறிகுறிகளை வைத்து முடிவு செய்கிறார்கள். பெருமழைக் காலமான குஜெவ்க் முடியும்போது பங்கெரெங் வரும். அப்போது அடிக்கும் புயற்காற்று, இரண்டு மீட்டர் உயரம் வளர்ந்து நிற்கும் ஈட்டிப்புல்லைத் தரையோடு சாய்த்துவிடும். அடுத்தது யெக்கெ, ஏறத்தாழ மே, ஜூன் மாதங்கள். காலையில் பனிமூட்டம், பகலில் உலர்காற்று. வுல்லிபட் என்ற யூகலிப்டஸ் மரம் ஆரஞ்சு நிறத்தில் பூக்கத் தொடங்கும். அந்தப் பூவும் அந்தக் காற்றும் சேர்ந்து வந்தால், தீ வைக்கத் தொடங்கலாம் என்று பொருள்.

ஏன் அப்போது? மேட்டு நிலத்திலும் கல் நிலத்திலும் உள்ள புல் முதலில் காய்கிறது. ஓடைக் கரையிலும் பள்ளத்திலும் புல் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. மேட்டில் வைத்த தீ, பச்சை வந்ததும் நின்றுவிடும். இரவில் காற்று அடங்கும், பனி இறங்கும், மிச்சமிருக்கும் தீயும் அணையும். தீநாக்கு முழங்கால், இடுப்பு உயரம்தான் வரும். மர உச்சியைத் தொடாது. சில வாரங்களில் அடுத்த மட்டத்து நிலம் காயும், அதை எரிப்பார்கள். இப்படி எரிந்ததும் எரியாததுமாக நிலம் திட்டுத்திட்டாக மாறிவிடும். பிறகு குருங் என்ற வெப்பக் காலத்தில், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, மின்னலோ கவனக்குறைவோ தீயை மூட்டினாலும், அது ஓடுவதற்குத் தொடர்ச்சியான எரிபொருள் இருக்காது.

இந்த ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அறுந்துபோனது. மக்கள் கிறிஸ்தவ மிஷன்களுக்கும் சுரங்கங்களுக்கும் எருமை வேட்டை முகாம்களுக்கும் போய்விட்டார்கள். பீடபூமி ஆளில்லாமல் கிடந்தது. அதன் விளைவு, ஆண்டுக்காண்டு பின்பருவத்தில் வாரக்கணக்கில் எரியும் பெருந்தீ. பார்டாயல் லோஃப்டி நட்ஜமெரெக் என்ற மூத்தவர், மக்கள் மீண்டும் நிலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று வலியுறுத்தி, கபுல்வர்னம்யோ என்ற தம் குடியிருப்பை மறுபடி எழுப்பினார். நிலத்தைப் பேணும் வார்டெகென் என்ற அமைப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது.

2006-இல் தொடங்கிய மேற்கு ஆர்னம் லேண்ட் தீத்தணிப்புத் திட்டம் சுமார் 28,000 சதுர கிலோமீட்டரைப் பேணுகிறது. தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். டார்வினில் திரவ எரிவாயு ஆலை நடத்திய கொனோகோஃபிலிப்ஸ் நிறுவனம், தன் உமிழ்வுக்கு ஈடாக ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வீதம் 17 ஆண்டுகளுக்குத் தர ஒப்பந்தம் செய்தது. முதல் ஏழு ஆண்டுகளில், தீயால் வெளியாகும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் முந்தைய பத்தாண்டுச் சராசரியைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. இங்கே கரியமில வாயுவைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த மழையில் முளைக்கும் புல் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்பதே காரணம். ஆகஸ்ட் 1-க்கு முன் எரிந்தது முன்பருவத் தீ, பின் எரிந்தது பின்பருவத் தீ என்பது கார்பன் கணக்கு முறையின் எல்லைக்கோடு. அரசுக்கு ஒரு தேதி தேவைப்படுகிறது. களத்தில் இருப்பவர்கள் பூவையும் காற்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாத ஆண்டுகளில் வரும் இழுபறி, இத்தகைய திட்டங்கள் எல்லாவற்றிலும் உண்டு.

வேலை நடக்கும் முறையையும் கொஞ்சம் பார்க்கலாம். பருவத்துக்கு முன்பே நிலத்துக்கு உரியவர்களின் கூட்டம் நடக்கும். சாட்டிலைட் வரைபடத்தை விரித்துவைத்து, சென்ற ஆண்டு எரிந்த இடம், எரியாத இடம், தொடக் கூடாத இடம் எல்லாம் குறிப்பார்கள். எட்ட முடியாத பாறைப் பகுதிக்கு ஹெலிகாப்டர் போகும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் நிரப்பிய சிறு பிளாஸ்டிக் உருண்டைக்குள் ஓர் இயந்திரம் கிளைகாலை ஊசியால் செலுத்தி உடனே கீழே போடும். உருண்டை தரையைத் தொட்ட சற்று நேரத்தில் தீப்பற்றும். உருண்டை போடும் இடத்தைச் சொல்ல, அந்த நிலத்துக்கு உரியவர் ஹெலிகாப்டரில் உட்கார்ந்திருப்பார். மற்ற இடங்களில் ரேஞ்சர்கள் எனப்படும், சம்பளம் பெறும் நிலக் காவலர்கள் நடந்தே போய்க் கையால் தீ வைப்பார்கள். அன்பினிக் என்ற மரம் அந்தப் பீடபூமிக்கே உரியது, தீயைத் தாங்காது. அதன் தோப்புகளைச் சுற்றி முன்கூட்டியே மெல்ல எரித்து ஒரு வளையம் போட்டுவிடுவார்கள்.

இதில் உடல்நலம் எங்கே வருகிறது? மூன்று வழிகளில்.

முதலாவது புகை. பின்பருவப் பெருந்தீ, காய்ந்த புல்லோடு மரத்தையும் விழுந்த கட்டையையும் சேர்த்து எரிக்கிறது. ஓர் ஏக்கருக்கு எரியும் பொருள் அதிகம், எரியும் பரப்பும் அதிகம். நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகள் பி.எம். 2.5 எனப்படும். 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று ஆஸ்திரேலியத் தரநிலை வைத்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் 15 என்று இன்னும் இறக்கியது. டார்வினில் நடந்த ஆய்வுகளில், புகை கூடிய நாட்களை அடுத்து நுரையீரல் நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது பழங்குடியினரிடையே கூடுதலாக இருந்தது.

ஆனால் முன்பருவத் தீயும் புகைதான். இதை மறைத்துப் பேசுவது தவறு. பருவத்துக்கு மிக முன்பே வைத்தால் ஈரப்புல் கொழுந்துவிட்டு எரியாமல் கனன்று புகையும். எரியும் ஒவ்வொரு கிலோவுக்கும் துகள் கூடுதல். குளிர்ந்த காலையில் மேலே வெப்பக் காற்று மூடிபோல் நிற்க, கீழே புகை தேங்கும். அந்த மாதங்களில் தென்கிழக்குக் காற்று வீசுவதால் ஆர்னம் லேண்ட் புகை டார்வின் பக்கம் போகக்கூடும். பல குழுக்கள் ஒரே வாரத்தில் எரித்தால், தனித்தனியே சிறிதான புகை நகரத்தில் சேர்ந்து பெரிதாகிவிடும். ஆகவே, தீ வைக்கும் அட்டவணை ரேஞ்சர்களிடம் மட்டும் இருந்தால் போதாது. இரண்டு நாள் முன்பே மருத்துவ நிலையத்துக்குத் தெரிய வேண்டும். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களின் பட்டியலை எடுத்து, தடுப்பு இன்ஹேலர் கையில் இருக்கிறதா என்று பார்க்கவும், நுண்துகளை வடிகட்டும் பி2 வகை முகக்கவசம் கொடுக்கவும் அந்த அவகாசம் வேண்டும். சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் இந்தத் துகளை நிறுத்தாது.

இரண்டாவது, அந்த வேலையே உடலுக்குச் செய்யும் நன்மை. ஆர்னம் லேண்டின் மனிங்ரிடா என்ற ஊரில் 298 பழங்குடிப் பெரியவர்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், நிலத்தைப் பேணும் வேலையில் அதிகம் ஈடுபட்டவர்களுக்கு இரத்த அழுத்தமும் வயிற்றுப் பருமனும் நீரிழிவும் மன உளைச்சலும் குறைவாக இருந்தன; உணவும் மேம்பட்டிருந்தது. இது ஒரே காலத்தில் எடுத்த ஆய்வு. உடல்நலம் உள்ளவர்களே வேலைக்குப் போயிருக்கவும் கூடும் என்பதால், நிலப்பணிதான் நோயைக் குறைத்தது என்று இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் நடையும் வேட்டையும் சம்பளமும் ஒன்றாகக் கிடைக்கும் வேலை அந்த ஊர்களில் வேறு அதிகம் இல்லை.

மூன்றாவது, ஊரில் நிலைத்திருப்பது. ரேஞ்சர் வேலை இருப்பதால் குடும்பம் தன் மண்ணில் இருக்கிறது. குழந்தைகளுக்காகக் கபுல்வர்னம்யோவில் 2015-இல் ஒரு பள்ளியும் தொடங்கப்பட்டது. தீ பற்றிய அறிவு அடுத்த தலைமுறைக்குப் போக இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

வடக்கின் இந்த எண்களைத் தெற்கே கொண்டுபோய் ஒட்டக் கூடாது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் அடர்ந்த காடும் நெருங்கிய குடியிருப்பும் தனியார் நிலமும் கலந்திருக்கின்றன. அங்கேயும் முதற்குடியினர் மரபுப்படி வைக்கும் பண்பாட்டுத் தீ திரும்பி வருகிறது, நல்லது. ஆனால் சூறைக்காற்றும் கடும் வெப்பமும் சேரும் நாளில், முன்பே எரித்துவைத்த நிலமும் தீயை நிறுத்தாமல் போகலாம். இவ்வளவுதான் செய்யும் என்று சொல்லிவைப்பதே அந்த அறிவுக்கு நாம் செய்யும் மரியாதை.

வீட்டுக்குள் வெப்பம்

வெப்ப அலை வரும்போது அரசு சொல்லும் அறிவுரை எல்லா நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வீட்டுக்குள் இருங்கள், ஏசியைப் போடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். வடக்குப் பிரதேசத்தின் உட்பகுதியிலுள்ள தென்னன்ட் க்ரீக் போன்ற ஊரின் பழங்குடிக் குடியிருப்பில் இந்த மூன்றும் பொய்த்துப்போகின்றன.

முதலில் வீடு. வெப்பத்தடுப்பு இல்லாத தகரக் கூரை, கான்கிரீட் சுவர். மாலை ஏழு மணிக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே சூடு அதிகம். அதனால்தான் மக்கள் திண்ணையிலும் முற்றத்திலும் படுக்கிறார்கள். பாலைநில மக்கள் நெடுங்காலமாகக் கிளைகளும் தழையும் போட்டு நிழற்பந்தல் அமைத்தவர்கள். பிட்ஜன்ட்ஜாரா மொழியில் அதன் பெயர் வில்ட்ஜா. காற்று நாற்புறமும் ஓடும், தழை வெயிலை மறிக்கும், சூரியன் நகர நகர ஆட்களும் இடம் மாறிக்கொள்ளலாம். அதிகாரிகள் 'வீட்டுக்கு வெளியே படுக்கிறார்கள்' என்று குறையாக எழுதியது, உண்மையில் பிழைக்கும் வழி. தண்ணீர்க் குழாயும் மின்விசிறியும் உள்ள அகலமான திண்ணை, உள்ளே இன்னோர் அறை கட்டுவதைவிட உயிரைக் காக்கும்.

அடுத்தது மின்சாரம். வடக்குப் பிரதேசத்தின் தொலைதூரக் குடியிருப்புகள் பெரும்பாலும் ப்ரீபெய்டு மீட்டரில் ஓடுகின்றன. காசு தீர்ந்தால் மின்சாரம் நின்றுவிடும். 28 குடியிருப்புகளைச் சேர்ந்த சுமார் 3,300 வீடுகளின் 2018-19 ஆண்டுக் கணக்கை ஆராய்ந்தபோது, 91 விழுக்காடு வீடுகளில் அந்த ஆண்டில் ஒருமுறையாவது மின்சாரம் நின்றிருந்தது. 74 விழுக்காடு வீடுகளில் பத்துமுறைக்கு மேல். இதமான நாளில் ஒரு வீட்டில் மின்சாரம் நிற்கும் வாய்ப்பு 17-இல் 1. கடும் வெப்ப நாளிலும் கடுங்குளிர் நாளிலும் அது 11-இல் 1 ஆகிறது. அதாவது, மின்சாரம் மிகத் தேவைப்படும் நாளில்தான் அது அதிகம் நிற்கிறது. ஃபிரிட்ஜ் நின்றால் உணவு மட்டும் கெடுவதில்லை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்.

ஏசி இருந்தாலும் எந்த வகை என்பது முக்கியம். நீர் ஆவியாதலால் குளிர்விக்கும் கூலர் வறண்ட மத்தியப் பாலையில் நன்றாக வேலை செய்யும். மின்சாரச் செலவும் குறைவு. ஆனால் ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீர் அதன் பட்டைகளில் உப்புப் படிவம் கட்டிவிடும். பருவத்துக்கு முன் மாற்றாவிட்டால் முதல் வெப்ப அலையிலேயே படுத்துவிடும். டார்வின் பக்கத்து ஈரக்காற்றில் அது பயனே இல்லை.

தண்ணீர் குடிப்பது எளிய அறிவுரைபோல் தோன்றுகிறது. இக்குடியிருப்புகளில் சிறுநீரக நோய் மிக அதிகம். டயாலிசிஸ் எடுப்பவர்களில் பலருக்கு ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட நீர் ஒரு லிட்டருக்கும் குறைவு. அவர்களிடம் போய் நிறையக் குடியுங்கள் என்றால் நுரையீரலில் நீர் கோத்து ஆபத்தாகும். ஆகவே வெப்ப எச்சரிக்கை ஊருக்கெல்லாம் ஒரே வாசகமாகப் போகக் கூடாது. டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தனி அறிவுரை. சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் சில மனநல மருந்துகளும் எடுப்பவர்களுக்குத் தனி. அந்தப் பட்டியல் உள்ளூர் மருத்துவ நிலையத்திடம்தான் இருக்கும்.

வெளியூர் அதிகாரிகள் பெரும்பாலும் தவறவிடும் இன்னொரு செய்தி உறவுமுறை. பல குழுக்களில் மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்ப்பதோ பேசுவதோ கூடாது. வெப்ப அலைக்காக ஒரே மண்டபத்தைக் குளிர்வித்துத் திறந்துவைத்தால், அவர் உள்ளே இருக்கிறார் என்று இவர் வெயிலிலேயே நின்றுவிடுவார். இரண்டு வாசல், நடுவே தடுப்பு, ஆண்-பெண் தனி இடம் இருந்தால் அதே மண்டபம் நிரம்பும். நாயை வெளியே விடச் சொன்னாலும் பலர் வரமாட்டார்கள். ஒருவர் இறந்தால் அந்த வீட்டைச் சில காலம் காலி செய்வது வழக்கம். குடும்பம் வேறு வீட்டில் சேரும். அங்கே நெரிசல், வெப்பம், மின்செலவு எல்லாம் கூடும். துக்கம் நடக்கும் ஊரின் வெப்பத் திட்டத்தில் இது இருக்க வேண்டும். இதையெல்லாம் எந்த வானிலைக் கருவியும் சொல்லாது.

குழாயும் ஷவரும்

வீட்டைப் பொதுச் சுகாதாரமாகப் பார்க்கும் இந்த முறைக்குச் சிறந்த முன்மாதிரி தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்குப் பாலையிலிருந்து வந்தது. அங்குள்ள பழங்குடிச் சுகாதார அமைப்பான ங்கனம்பா ஹெல்த் கவுன்சிலின் தலைமையில் இருந்த யாமி லெஸ்டர், மருந்து கொடுப்பது இருக்கட்டும், முதலில் மக்கள் நோயில் விழுவதைத் தடுக்க வழி சொல்லுங்கள் என்று ஒரு மருத்துவர், ஒரு கட்டடக் கலைஞர், ஒரு சுற்றுச்சூழல் சுகாதாரப் பணியாளர் மூவரையும் கேட்டார். அதில் பிறந்த 1987-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்பது வாழ்முறைத் தேவைகளை முன்னுரிமை வரிசையில் வைத்தது. உடல் கழுவுவது, குறிப்பாகக் குழந்தைகளை, துணியும் படுக்கையும் துவைப்பது, கழிவுநீர் வெளியேறுவது, நல்ல உணவு சமைப்பது, நெரிசலைக் குறைப்பது, விலங்கு, பூச்சித் தொல்லையைக் குறைப்பது, தூசியைக் குறைப்பது, வீட்டின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது, காயம் ஏற்படாமல் காப்பது.

செய்யும் முறை எளியது, கண்டிப்பானது. குழு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்களை நிஜமாகவே இயக்கிப் பார்க்கும்: ஷவரில் வெந்நீர் வருகிறதா, கழிவுக்குழாய் உறிஞ்சுகிறதா, மின்கசிவு உண்டா. குழுவில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பழங்குடியினர். முதல் நாளிலேயே எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் பழுதுபார்க்கத் தொடங்குவார்கள். பழுதுபார்க்கப் பணம் இல்லாமல் கணக்கெடுப்பு மட்டும் எடுக்கக் கூடாது என்பது விதி. பழுதுக்கான காரணங்களையும் எண்ணிவைத்தார்கள். சுமார் 70 விழுக்காடு பராமரிப்பு இல்லாததால்; சுமார் 20 விழுக்காடு கட்டும்போதே தவறாகப் பொருத்தியதால்; குடியிருப்போர் உடைத்தது 10 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்களே வீட்டைப் பாழாக்குகிறார்கள் என்ற பேச்சுக்கு இந்த எண்களே பதில். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் பத்தாண்டு அனுபவத்தை ஆராய்ந்தபோது, இத்திட்டம் நடந்த வீடுகளில் தொற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்வது, நடக்காத ஊர்களோடு ஒப்பிட 40 விழுக்காடு குறைந்திருந்தது.

அந்த ஒன்பது தேவைகளின் பட்டியலில் வெப்பக் கட்டுப்பாடு எட்டாவதாக இருக்கிறது. 1987-இல் அந்த வரிசை சரி. இன்றைய பாலைக் கோடையில் அதை மேலே கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

யார் முடிவெடுப்பது

1971-இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பழங்குடியினர் தாங்களே ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார்கள். அங்கிருந்து வளர்ந்த சமூகக் கட்டுப்பாட்டுச் சுகாதார நிலையங்கள் இன்று நாடெங்கும் 140-க்கும் மேல் உள்ளன. நிர்வாகக் குழுவை அந்தச் சமூகமே தேர்ந்தெடுக்கும். காலநிலைத் திட்டம் போட விரும்பும் எந்தச் சுகாதாரத் துறையும் முதலில் கதவைத் தட்ட வேண்டிய இடம் இதுதான். அடுத்து நில கவுன்சில் அல்லது பூர்வ நில உரிமைக் குழு. பிறகு ரேஞ்சர் குழு.

கையில் திட்டத்தை வைத்துக்கொண்டு ஆலோசனை கேட்கப் போவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. உங்கள் கோடையில் எது அதிகம் வருத்துகிறது என்ற கேள்வியோடு வெறுங்கையாகப் போக வேண்டும். துறை எதிர்பார்ப்பது வெப்ப எச்சரிக்கைச் சுவரொட்டி. ஊர் கேட்பது மின்சாரம் நிற்காத மீட்டர். அப்படி வரும்போது மீட்டரைப் பற்றிப் பேசுவதற்கு அதிகாரம் உள்ள ஒருவர் கூட்டத்தில் இருக்க வேண்டும். மூத்தவர்களுக்கு ஆலோசகர் கட்டணம் முறைப்படி தர வேண்டும். உணவும் போக்குவரத்தும் மட்டும் கொடுத்து அனுப்புவது சரியல்ல. மொழிபெயர்ப்பாளருக்கும் அப்படியே கட்டணம் தர வேண்டும்.

அறிவு எழுத்தில் ஏறும் முன்பே ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். யாருக்குச் சொந்தம், எதை வெளியிடலாம், எது ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும், பின்னால் மனம் மாறினால் எப்படித் திரும்பப் பெறுவது, இறந்தவரின் பெயரும் படமும் எப்படிக் கையாளப்படும் என்ற ஐந்தும் அதில் இல்லையென்றால் கையெழுத்திடக் கூடாது. இதற்கான ஆய்வு நெறிமுறையை ஆஸ்திரேலியப் பழங்குடி ஆய்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்டிருக்கிறது. தரவு யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு 2019-இல் உலகப் பழங்குடியினர் வகுத்த கேர் கோட்பாடுகள் இருக்கின்றன: கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம்.

பருவ நாட்காட்டிகளை அச்சிட்டு ஒட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. ஆஸ்திரேலிய வானிலைத் துறை 2002-இலிருந்தே இவற்றை இணையத்தில் வெளியிடுகிறது. பார்க்க அழகாக இருக்கும்; பள்ளிக்கு உதவும். அதையே எச்சரிக்கைக் கருவியாக எடுத்துக்கொண்டால் இரண்டு சிக்கல்கள் வரும். ஓர் ஊரின் நாட்காட்டி அடுத்த ஊருக்குப் பொருந்தாது. இன்னொன்று இதைவிடப் பெரியது: காலநிலை மாறும்போது அறிகுறிகளும் ஒன்றோடொன்று விலகுகின்றன. பூ வந்துவிடும், காற்று வராது. களத்தில் உள்ள மூத்தவர்கள் ஒற்றை அறிகுறியை நம்பி முடிவெடுப்பதில்லை. பூ, காற்று, பனி, புல்லின் ஈரம் என்று பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள், முரண்பட்டால் காத்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு அச்சடித்த நாட்காட்டியில் வராது. ஆகவே நாட்காட்டியை வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிடக் கூடாது. ஆண்டுதோறும் அவரே வந்து பார்த்துச் சொல்வதற்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும்.

நடைமுறையில் நன்றாக அமையும் ஏற்பாடு இப்படி இருக்கும். வானிலைத் துறையின் முன்னறிவிப்பும் ரேஞ்சர்கள் பார்த்த உள்ளூர் அறிகுறியும் ஒரே மேசைக்கு வருகின்றன. எது எந்த அளவைத் தொட்டால் என்ன செய்வது என்று பருவத்துக்கு முன்பே முடிவாகியிருக்கிறது: இந்த வெப்பத்துக்கு மீட்டர்களில் அவசரக் கடன் ஏற்றுவது, இன்னும் ஏறினால் டயாலிசிஸ் நேரத்தை அதிகாலைக்கு மாற்றுவது, காற்று நகரத்தை நோக்கித் திரும்பினால் அன்றைய தீயை ஒத்திவைப்பது. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஆள் யார் என்பதும், அவர் துக்க வீட்டுக்குப் போய்விட்டால் மாற்று யார் என்பதும் தாளில் இருக்கும்.

அளவிடுவதும் அதற்கேற்ப இருக்க வேண்டும். அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள், ஆஸ்துமா மருந்து பெற்றவர்கள், மின்சாரம் நின்ற மணிநேரம் ஆகியவை ஒரு பக்கம். எத்தனை குடும்பங்கள் தங்கள் நிலத்துக்குப் போய்வந்தன, எத்தனை இளைஞர்கள் மூத்தவரோடு தீ வைக்கக் கற்றார்கள், குளிர்ந்த மண்டபத்துக்கு வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்பவை மறுபக்கம். மழை தொடங்கும் முன் இந்தக் கணக்கை ஊருக்கே கொண்டுபோய், அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகுதான் துறைக்கு அனுப்ப வேண்டும். திருத்தம் சொல்லும் உரிமை ஊருடையது.